கழுத்தா, பாலமா

மின்சாரக் கிற்றாருக்கு வயிறு கிடையாது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான் பழகிய பெட்டிக் கிற்றாருக்கு நடுவில் பெரிய ஓட்டை இருந்தது. கம்பியைத் தட்டினால் சத்தம் அதற்குள் போய், பெருத்து, வெளியே வரும். அதில் ஒரு நியாயம் தெரிந்தது. என் தம்பி பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது தோளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, போகும்போது எனக்கென்று விட்டுவிட்டுப் போன சாமானோ வெறும் பலகை. கடுஞ்சிவப்பு வர்ணம் பூசிய தடித்த பலகை. வயரைச் செருகாமல் தட்டினால் நுளம்பு அழுகிற அளவுக்குத்தான் சத்தம். செருகினால் கோயில் யன்னல் கண்ணாடி அதிர்கிறது.

கோயில் என்றது குருநகரில் எங்கள் பங்குக் கோயிலை. கலியாணத்துக்கு முன், குமராய் இருந்த காலம் முதல் அங்கே பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பேரப்பிள்ளை தூக்குகிற வயதில் சிவப்புக் கிற்றாரோடு நிற்கிறாளே என்று சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டும் என்று விட்டேன். எனக்கு முன்கோபம் அதிகம்தான். ஆனால் சிரிக்கிறவர்களோடெல்லாம் கோபித்துக்கொண்டால் இந்த ஊரில் ஒருத்தரோடும் கதைக்க முடியாது.

தம்பி நின்ற நாட்களில் ஒரு பின்னேரம், கோயிலில் ஆளில்லாத நேரம், பாடகர் குழுவின் ஸ்பீக்கரில் அதைச் செருகிக் காட்டினான். கம்பிகளின் கீழே இரண்டு கறுத்தக் கட்டைகள் பதிந்திருந்தன. அவற்றுக்குப் பிக்கப் என்று பெயர் சொன்னான். ஒன்று, கம்பிகள் வந்து கட்டி நிற்கிற பாலத்தின் அருகே. மற்றது, கிற்றாரின் கழுத்துத் தொடங்குகிற இடத்தில். பக்கத்தில் ஒரு சின்னச் சுவிச். ஒரு பக்கம் தள்ளினால் பாலத்தடிப் பிக்கப் கேட்கும், மறுபக்கம் தள்ளினால் கழுத்தடி.

தள்ளிப் பார்த்தேன். ஒரே கம்பி, ஒரே விரல், ஒரே தட்டு. இரண்டு கட்டைகளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. பாலத்தடியில் அந்தச் சத்தம் கூராய், மெல்லியதாய், தகரத்தின் ஓரம் மாதிரி வந்தது. கழுத்தடியில் அதே சத்தம் உருண்டு திரண்டு, ஆர் வீட்டு அடுப்படிக்குள்ளிருந்தோ ஒரு மனுசி தனக்குத்தானே பாடுவது மாதிரி வந்தது. மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சுவிச்சை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே நின்றேன். ஒரு கம்பி ஒரு தரம் ஆடினால் அதற்குள் இத்தனை குரல் ஒரே நேரத்தில் இருக்கிறதா? அது எல்லாவற்றையும்தான் சொல்கிறது, நாம் எந்த இடத்தில் காதை வைக்கிறோமோ அதைத்தான் கேட்கிறோம் என்றால், இத்தனை வருசமும் எவ்வளவைக் கேட்காமல் விட்டிருப்பேன்? வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தது நினைவு வந்தபோது தம்பி கோயில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு இவர் அங்கே இருக்கவில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை.

இவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தி அப்போது ஒரு வருசத்துக்கு மேல். தேவனோடு ஒரு பிணக்கும் இல்லை. காது கேட்பதில்லை, அவ்வளவுதான். சுவாமியார் பிரசங்கத்தில் பகிடி சொல்லும்போது எல்லாரும் சிரித்து முடிந்த பிறகு இவர் சிரிப்பார். ஒருநாள் எல்லாரும் முழங்காலில் இருக்க இவர் மட்டும் எழும்பி நின்றார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் மீன்வாடிக் கொட்டிலுக்குள் இருந்து வலை பொத்தத் தொடங்கிவிட்டார். கேட்டால் வலை கிழிஞ்சுபோச்சு என்பார். அந்த வலை ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் கிழிந்தது.

முப்பது வருசம் வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது அது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், காது போனது சண்டைக்கால ஷெல் சத்தத்தாலோ என்று கேட்பார்கள். இல்லை, எஞ்சின்தான். விடியப்புறம் கடலுக்கு இறங்கி வெயில் ஏறக் கரைக்கு வரும்வரை, ஒரு கை எஞ்சின் பிடியிலும் ஒரு காது அதன் வாயிலுமாகக் காலம் போனது. கேளாமை கடன்காரன் மாதிரித் திடீரென்று வந்து கதவைத் தட்டவில்லை. மெல்ல மெல்ல வந்தது. முதலில் தொலைபேசி மணி போனது, பிறகு குருவிகள், பிறகு நான்.

எனக்கு அதில் கோபம் கோபமாய் வரும். தெருவில் லொறி வந்தால் திரும்பிப் பார்க்கிறார். தூரத்துக் கோயில் மேளம் கேட்கிறது. எஞ்சினில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்கிறார். நான் அடுப்படியிலிருந்து பத்துத் தரம் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. தனக்கு வேண்டியதுதான் இந்த மனுசனுக்குக் கேட்கும் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்று முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன், அதுவும் கேட்காது என்ற துணிவில். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதும் இருக்கிறேன்.

காது பரிசோதிக்கிற இடத்துக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு தாளில் கோடு கீறித் தந்தார்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் போகப் போகக் கீழே விழுகிற கோடு. அங்கே இருந்த பிள்ளை எதையோ நிதானமாக விளங்கப்படுத்தினாள். எனக்குக் காதில் விழுந்தது, போனது திரும்பாது, இன்னும் போகும் என்ற இரண்டு மட்டும்தான். காதுக்குள் வைக்கத் தந்த கருவி கடல் காற்றில் விசிலடிக்கிறது என்று இவர் அதைப் பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டு மூடிவிட்டார். தாளை நான் மடித்துச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகினேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இவருக்கும் என் கிற்றாருக்கும் ஒரு கதை இருக்கிறது. நான் குமராய் இருந்தபோது சனிக்கிழமை பின்னேரங்களில் கோயில் மேல்மாடத்தில் பாட்டுப் பழகுவோம். கீழே யன்னலுக்கு நேரே, மதில் ஓரத்தில், ஒருவர் வலையை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார். வலை பொத்த அந்த ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி. கலியாணம் முடிந்த பிறகுதான் சொன்னார்: “உம்மடை முகத்தைப் பாக்க முதலே உம்மடை கையைக் கேட்டனான்.” ஆர் வாசிக்கிறார்கள் என்று மேலே ஏறிப் பார்க்காமலே, நான் வாசிக்கிற நாளையும் வேறு பிள்ளை வாசிக்கிற நாளையும் பிரித்து அறிவாராம். என் வாழ்க்கையில் ஒருத்தர் என்னைப் பற்றிச் சொன்னதில் அதைவிட நல்லது ஒன்றும் இல்லை.

அந்தக் காது போய்க்கொண்டிருந்தது. முழுக்கப் போய்விட முதல் இவர் ஒருதரம் என் கையைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெட்டிக் கிற்றாரை இவர் பக்கத்தில் இருந்து வாசித்தால் விரல்களைப் பார்த்துத் தலையாட்டுவார், கேட்கவில்லை என்று கண்ணில் தெரியும். அதனால்தான் தம்பியின் சிவப்புப் பலகையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. யன்னலை அதிரப்பண்ணுகிற சாமான், ஒரு காதைத் திறக்காதா? கோயில் திருநாளுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் இருத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கிற்றார் ஊமையாகிவிட்டது. எங்கள் கரையில் எதற்கும் நடக்கிறதுதான். உப்புக் காற்று சுவிச்சுக்குள் புகுந்து அதைத் தின்றுவிட்டது.

கரையோர வீதியில் ஒரு கடை இருக்கிறது. அரியாலையிலிருந்து சைக்கிளில் வந்து திறக்கிற தம்பி ஒருவன், வள்ளங்களின் றேடியோ, மீன் பார்க்கிற திரை, பற்றறி எல்லாம் திருத்துவான். கிற்றார் திறந்ததே இல்லையாம், ஆனால் வயர் எங்கே போனாலும் வயர்தானே என்றான். அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. மூடியைக் கழற்றி, பிக்கப் ஒன்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். காந்தத் துண்டுகளைச் சுற்றிச் செப்புக் கம்பி, தலைமயிரைவிட மெல்லியது, எத்தனை ஆயிரம் சுற்றோ தெரியாது. அவ்வளவுதான் உள்ளே. வேறு ஒன்றுமே இல்லை. மேலே இரும்புக் கம்பி ஆடினால் கீழே இருக்கிற காந்தத்துக்குத் தெரியுமாம். தொடுவதும் இல்லை. அதை வாங்கி நானும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிறகு அவன், எங்களுக்கு ஒண்டும் தெரியாது என்ன அக்கா என்றான்.

சுவிச் செத்துப்போனது, இந்த ஊரில் எடுக்க முடியாது என்று சொன்னான். பிரான்சிலிருந்து தம்பி அனுப்பலாம், ஆனால் ஆர் கையிலாவது கொடுத்துவிட்டு அது வந்து சேரத் திருநாள் முடிந்துவிடும். இப்போதைக்குச் சுவிச்சை விட்டுவிட்டு ஒரு பிக்கப்பின் வயரை ஈயம் வைத்து நேரே ஒட்டிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். அது இரண்டுங்கெட்டானாய் இருந்ததோடு இரைச்சலும் கூடியது. ஆகவே ஒன்றுதான்.

“கழுத்தோ பாலமோ எண்டு நீங்கள்தான் அக்கா சொல்லவேணும்,” என்றான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு நித்திரை போகுமா என்று நினைக்கலாம். எனக்குப் போனது. தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். கழுத்தடிதான் உன்ரை கைக்கு வடிவு அக்கா என்றான். பாடகர் குழுவில் கீபோட் வாசிக்கிற வாத்தியாரிடம் கேட்டேன். கழுத்தென்றால் தன் கீபோட்டுக்குள் நான் காணாமல் போய்விடுவேன், வெளியில் பந்தலுக்குக் கீழே பாலம்தான் எடுபடும் என்றார்.

இவரிடமும் கேட்டேன். கேட்டேன் என்றால், கிற்றாரைக் காட்டி, இரண்டு இடத்தையும் விரலால் தொட்டு, எது என்று கையை விரித்தேன். இவர் கம்பியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வள்ளத்தைத் தறியிலை கட்டின கயித்தைப் பாத்திருக்கிறீரே? கட்டுக்குக் கிட்ட சும்மா விறைச்சுக்கொண்டு நடுங்கும். தள்ளிப் போனால்தான் ஆடும்.” அதோடு எழும்பிப் போய்விட்டார். நான் என்ன கேட்கிறேன், இந்த மனுசன் எந்த வள்ளத்தைக் கட்டுகிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

நான் பாலத்தைத்தான் எடுத்தேன். அதற்குக் காரணம் வாத்தியார் சொன்னது இல்லை. நான் கரையில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்கு ஒன்று தெரியும். தூரத்தில் நிற்கிற வள்ளத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் குரலை மேலே ஏற்றி, மெல்லியதாக்கி, இழுத்துத்தான் கூப்பிட வேண்டும். தாழ்ந்த குரல் எஞ்சின் இரைச்சலிலும் அலையிலும் கரைந்துவிடும். கூரான குரல்தான் தண்ணீருக்கு மேலால் போய்ச் சேரும். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் இருக்கிறது. உள்ளூர்ச் சந்தையில் நாங்கள் கதைத்தால் கோப்பாய், உரும்பிராய்த் தோட்டக்காரச் சனம் சண்டை என்று நினைத்து விலகிப் போகும். காது கேளாத மனுசன் எனக்குத் தூரத்தில் நிற்கிற மனுசன். போய்ச் சேருகிற சத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? பாலத்தடிப் பிக்கப்பை ஒட்டச் சொன்னேன்.

திருநாளன்று காலை இவர் மறுக்காமல் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, முடியில் எண்ணெய். பந்தலில் முதல் வரிசையில், ஸ்பீக்கருக்கு நேரே இருத்தினேன். நற்கருணை வழங்குகிற நேரம், எங்கள் கலியாணத்தில் பாடின அதே பாட்டு. நான்கு கண்ணி. ஒவ்வொரு கண்ணிக்கும் முதலில் கிற்றார் தனியே வரும். என் வாழ்க்கையில் அப்படி நான் வாசித்ததில்லை. பாலத்தடிச் சத்தம் பந்தலை வெட்டிக்கொண்டு வெளி மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. வெளியில் ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கண்ணி தொடங்க, கிற்றாருக்குள் ஒட்டின இடம் விட்டுவிட்டது. சத்தம் அப்படியே நின்றுபோனது. நான் என்ன செய்கிறது? சனம் பாடிக்கொண்டிருக்கிறது, நடுவில் கழற்றிப் பார்க்க ஏலாது. விரல்களை ஓட்டிக்கொண்டே நின்றேன். அந்தக் கண்ணி முழுக்க என் கிற்றாரிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் வரவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன், கையாலும் வாயாலும். இவர் முகம் நிறையச் சிரிப்போடு சொன்னார்: “எல்லாம் கேட்டது. கடைசிக் கண்ணிதான் திறம்.”

ஒரு சொட்டுச் சத்தமும் வராத கண்ணி அது. எனக்கு வந்தது கோபம். பொய் சொல்லாதேங்கோ என்று, திருநாள் சனத்துக்கு நடுவில், கரைக்கே உரிய அந்தக் குரலில் கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என் வாயைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போனது. அன்று மத்தியானம் திருநாள் சாப்பாட்டை இரண்டு பேரும் இரண்டு நேரத்தில் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் கரையில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. காலையில் இவர் கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்து வாசலில் நிறுத்தினார். சமாதானம் பேசுகிற விதம் அது. நானும் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

கடைத் தம்பி என்னைக் கண்டதும் வெட்கப்பட்டான். தான் ஒட்டினது விட்டுப்போனதென்று ஊர் முழுக்கத் தெரியும். உள்ளே மேசையில் கிற்றாரைப் படுக்க வைத்துத் திறந்தான். இவர் உள்ளே வரவில்லை. வெளியில் ஆரோ திருத்தக் கொண்டுவந்து வைத்திருந்த எஞ்சின் ஒன்றை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். காந்தச் சுருள் உயிரோடு இருக்கிறதா, ஒட்டின இடம்தான் பிழையா என்று கடைத் தம்பிக்குச் சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க, கிளிப் ஒன்றால் கழுத்தடிப் பிக்கப்பின் வயரைப் பிடித்து, கடையிலிருந்த பழைய ஸ்பீக்கரில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தட்டுங்கோ அக்கா என்றான். எனக்குக் கை தானாகவே அந்தப் பாட்டின் தொடக்கத்துக்குப் போனது.

வெளியில் இவர் நிமிர்ந்தார். திரும்பினார்.

நான் நிறுத்திவிட்டேன். இவர் கடை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். “இப்ப வாசிச்சது நீரோ?” என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

“திரும்ப வாசியும்,” என்றார். சொல்லிவிட்டு, என் விரல்களைக் கண்ணால் பார்த்துவிடக் கூடாதென்றுதான் நினைத்திருக்க வேண்டும், வேண்டுமென்றே வீதிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது நிற்கிற மாதிரி.

வாசித்தேன். முதற் கண்ணி முடிந்து இரண்டாவதில் பாதிக்கு வந்தபோது, ஒரு சந்தேகம் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் கையைக் கம்பியில் வைத்து நிறுத்தினேன். இவர் உடனே கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டிப்போட்டீர்,” என்றார், வீதியைப் பார்த்தபடியே.

கடைத் தம்பிக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிளிப்பைக் கழற்றிப் பாலத்தடிப் பிக்கப்பில் கொடுத்து, என்னைப் பார்த்து வாசியுங்கோ என்று கண்ணைக் காட்டினான். அதே பாட்டை, அதே பலத்தில் வாசித்தேன். தெருவில் போன ஒரு பொம்பிளை நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஒரு கண்ணி, இரண்டு கண்ணி. இவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்:

“தொடங்கேல்லையோ இன்னும்?”

கடைத் தம்பி கிளிப்பை மறுபடி கழுத்துக்கு மாற்றினான். அது நழுவாமல் இருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் நான்கு கண்ணியையும் வாசித்தேன். இவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வாசித்தேன். கடைசிக் கண்ணியில் அந்த முதுகு மெல்ல ஆடத் தொடங்கியது. முடிந்ததும் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “இது உம்மடை கை,” என்றார்.

வீட்டுக்கு வந்து சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து விரித்தேன். இடப்பக்கம் தாழ்ந்த சத்தங்கள், வலப்பக்கம் உயர்ந்த சத்தங்கள் என்று அச்சில் போட்டே இருந்தது. கோடு இடப்பக்கத்தில் ஓரளவு நேராக நின்று, வலப்பக்கம் போகப் போகப் பாதாளத்துக்கு விழுந்தது. அந்தப் பிள்ளை நிதானமாக விளங்கப்படுத்தினது இதைத்தான். லொறி கேட்டது, மேளம் கேட்டது, எஞ்சின் கேட்டது. எல்லாம் தாழ்ந்த சத்தங்கள். இவர் எனக்குத் தூரத்தில் நிற்கவில்லை. பக்கத்தில்தான் நின்றார், வேறொரு இடத்தில் காதை வைத்துக்கொண்டு. கயிறு எந்த இடத்தில் ஆடும் என்றும் சொன்னார். நான்தான் கட்டுக்குக் கிட்டப் போய் நின்றேன்.

அந்தத் தாளோடு அடுப்படியில் இருந்தபோதுதான் மற்ற விஷயம் எனக்கு உறைத்தது. நான் இந்த மனுசனோடு எந்தக் குரலில் கதைத்தேன்? கேட்கவில்லை என்று தெரிந்த நாள் முதல் குரலை ஏற்றினேன். அதற்கும் கேட்கவில்லை என்று இன்னும் ஏற்றினேன். வருசக் கணக்காய், இவருக்கு ஒரு சொட்டும் கேட்காத அந்த ஒரே குரலைத் தேடித் தேடி எடுத்து, அதிலேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். செவிடன் காதில் சங்கு என்றேனே, சங்கு ஊதியிருந்தாலாவது கேட்டிருக்கும்.

இவரிடம் அதைக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: நான் கத்தும்போது உங்களுக்கு என்ன கேட்டது? இவர் வாசித்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் தந்தார். சொல்ல விருப்பமில்லாதது தெரிந்தது.

“ஒண்டும் கேக்கேல்லை. வாய்தான் தெரிஞ்சது. நெடுகக் கோவத்திலை நிக்கிறீர் எண்டு நினைச்சன். நான் கடலுக்குப் போய்ப் போய் உம்மைத் தனிய விட்டிட்டன், அதுதான் எண்டு.”

வாடிக்குள் ஞாயிறு தோறும் கிழிந்த வலை எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோயிலுக்கு மட்டுமல்ல, எனக்கும் அல்லவா ஒளித்திருக்கிறார். இவருக்கு முன்னால் இருந்தே அழுதேன். இந்தத் தரம் உள்ளே போகவில்லை.

கழுத்தடிப் பிக்கப்பைத்தான் ஒட்டியிருக்கிறது. வாத்தியார் சொன்னது சரி, பந்தலில் நான் கீபோட்டுக்குள் காணாமல்தான் போகிறேன். பாட்டுப் பழகுகிற சனிக்கிழமைகளில் யன்னலுக்குக் கீழே மதில் ஓரத்தில் ஒருவர் வலையோடு இருக்கிறார் என்பதால் எனக்கு அது பெரிதாய்ப் படவில்லை. பிரான்சிலிருந்து தம்பி அனுப்பின புதுச் சுவிச் வந்து சேர்ந்து, பொட்டலம் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கிறது. காது இன்னும் போகும் என்று அந்தப் பிள்ளை சொன்னதையும் நான் மறக்கவில்லை. எவ்வளவு காலமோ தெரியாது.

குரலை இறக்கத்தான் எனக்குப் பெரும்பாடாய் இருந்தது. கரைக்காரியின் தொண்டை அது, எளிதில் இறங்காது. மூன்று நாள் ஆளில்லாத நேரம் அடுப்படியில் நின்று, நெஞ்சில் கையை வைத்து, அங்கே அதிர்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். பாலத்திலிருந்து கழுத்துக்கு வா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் பின்னேரம் இவர் முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டியபடி வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். மூச்சை எடுத்து, ஏற்றாமல், இழுக்காமல், கிட்ட இருக்கிற ஆளோடு கதைக்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் கேட்டேன்:

“என்னப்பா, தேத்தண்ணி போடட்டோ?”

ஊசி ஒரு கணம் நின்றது. இவர் திரும்பவில்லை.

“ஓம்,” என்றார். “இஞ்சி போடும்.”